கதவு, மேசை, படிக்கட்டு: கிளியர் கோட் (மரத்தின் மேல் பூசும் நிறமற்ற பூச்சு) வேலையில் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

இழைப்புளி

தேக்கு வெனீர் ஒட்டிய பெரிய சாப்பாட்டு மேசை. சீலர் (மரத்துளையை அடைக்கும் அடிப்பூச்சு) போட்டு, தேய்த்து, மேலே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஸ்பிரே. முதல் இரண்டு கோட்டும் சுத்தமாக உட்கார்ந்தன. மூன்றாவது பாதியில் இருக்கும்போது மழை பிடித்தது, ஜன்னல் திறந்தே கிடந்தது. ஒரு மூலையில் பால் தெளித்தது போல வெண்மை எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு மேசை வரை ஓடியது. அந்த ஓட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதைக் கண்டதும் பலர் உப்புத்தாளை எடுக்கிறார்கள். தேவையில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூடு இறங்குகிறது, காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த படலத்தில் படிந்து உள்ளே சிக்குகிறது. ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மட்டும் மெல்லிய புகையாக ஒரு முறை அடித்தால் படலம் திரும்ப இளகும், ஈரம் வெளியேறும், வெண்மையும் போகும். லாக்கரிலேயே கலப்பதென்றால் ஊற்றும் தின்னரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் படலம் நாள்கணக்கில் மெத்தென்று கிடக்கும், பறக்கிற தூசியெல்லாம் அதில்தான் உட்காரும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் ஸ்பிரேயைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நார்த்திசை

இழைப்புளி சொன்னது லாக்கருக்கு முழுக்கச் சரி. ஆனால் "கிளியர் கோட்" என்ற தலைப்பில் இதைப் படிக்கிற ஒருவர் பி.யு. (பாலியூரித்தேன்) மீது ரிடார்டர் அடித்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். லாக்கர் எத்தனை வருஷம் ஆனாலும் தன் தின்னரில் கரையும். இரண்டு டப்பா பி.யு. (பூச்சு ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்டனர் இன்னொரு டப்பா) ஒரு தடவை இறுகிவிட்டால் கரையாது. அங்கே ஈரம் செய்கிற வேலையே வேறு.

ஒரு படிக்கட்டுக் கைப்பிடி. இரண்டு டப்பா பி.யு., மிக்ஸிங் கணக்கு டப்பாவில் உள்ளபடி. மறுநாள் காலையில் கைப்பிடி முழுக்க ஊசி முனை அளவுக் குழிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெடித்த குமிழி. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும், அந்த வாயு படலத்தைத் துளைத்துக்கொண்டு வரும். அந்த வேலையில் காற்று காய்ந்துதான் இருந்தது. ஈரம் வந்தது தின்னர் வழியாக. பி.யு. தின்னர் தீர்ந்துபோய் பக்கத்திலிருந்த என்.சி. தின்னரை ஊற்றியிருக்கிறார்கள். அதில் ஆல்கஹால் இருக்கும், தண்ணீரும் கொஞ்சம் இருக்கலாம். ஆல்கஹாலும் ஹார்டனரைத் தின்றுவிடும் என்பதால் குழியோடு சேர்ந்து படலமும் நகத்தால் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு மிருதுவாக நின்றது.

குமிழி எல்லா இடத்திலும் சமமாக இருந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். பள்ளங்களிலும் விளிம்புகளிலும், அதாவது தடிப்பாகத் தேங்கிய இடங்களில் மட்டும் இருந்தால், மேல்தோல் காய்ந்த பிறகு உள்ளே மாட்டிய தின்னர் வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். முதலாவதற்குத் தின்னரையும் ஹார்டனரையும் மாற்ற வேண்டும். இரண்டாவதற்குக் கோட்டை மெலிதாக்கினால் போதும். அளவு தெரியவில்லையென்றால் இப்படிப் பாருங்கள்: ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். 2 மீட்டருக்கு 1 மீட்டர் மேசைப் பலகைக்கு பிரஷ்ஷில் 200 மில்லிக்கு மேல் இறங்கினால் தடிப்பாகப் போகிறது. ஹார்டனர் டப்பாவின் மூடியை இறுக்கி மூடாமல் வைத்தால் உள்ளேயே ஆடை கட்டிவிடும், அதை வடிகட்டி உபயோகிக்கவே கூடாது. ஸ்பிரே செய்கிறவர் முகத்தில் கைக்குட்டை கட்டுவது எதற்கும் உதவாது. ஆவியை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும், முடிந்தால் வெளிக்காற்று வரும் மாஸ்க்.

கருப்புப் புள்ளி

ஓக் மரப் புத்தக அலமாரி. வாட்டர் பேஸ் பாலியூரித்தேன், மூன்று கோட். கோட்டுக்கு நடுவில் தேய்த்தது ஸ்டீல் வுல்லால். மூன்றாவது கோட் காய்ந்தபோது ரேகைத் துளைகள் நெடுக மிளகு மிளகாகக் கருப்பு. துடைத்தால் போகவில்லை, ஏனென்றால் கருப்பு படலத்துக்குக் கீழே இருக்கிறது.

இரும்பு நார் உடைந்த துணுக்குகள் துளையில் மாட்டி நிற்கும். மேலே தண்ணீர் கலந்த பூச்சு வந்தால் துரு. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், இரும்பும் டானினும் சேர்ந்தால் கருப்பு. வாட்டர் பேஸுக்கு நைலான் தேய்ப்புத் திண்டோ 320 நம்பர் உப்புத்தாளோதான். தூசியை ஒட்டி எடுக்கும் மெழுகுத் துணியும் இதற்கு ஆகாது. அதிலிருந்து எண்ணெய் இறங்கினால் அடுத்த கோட் அங்கே ஒதுங்கும். ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

கருப்பு வந்த பிறகு வழி ஒன்றுதான், அதுவும் நோகும் வழி. படலம் முழுவதையும் உரித்து மரத்துக்குப் போக வேண்டும். பிறகு ஆக்ஸாலிக் அமிலம்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் அளவில், பிளாஸ்டிக் பாத்திரத்தில், கையுறை போட்டு. கறை இருக்கும் இடத்தில் மட்டும் தடவாமல் முழுப் பலகைக்கும் தடவுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். காய்ந்ததும் நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, சமையல் சோடாக் கரைசலால் ஒரு முறை துடைத்து, திரும்பக் கழுவ வேண்டும். அமிலத் தூள் மிஞ்சிய மரத்தை உலர் தேய்ப்பு செய்தால் அது மூக்குக்குள் போகும்.

ஈட்டிப் பெட்டி

ஈட்டி மரத்தில் செய்த நகைப்பெட்டி. ஆயில் பேஸ் பாலியூரித்தேன். பக்கத்தில் தேக்கில் அதே டப்பாவிலிருந்து அதே நாளில் பூசிய சட்டம் மறுநாளே கல்லாக நின்றது. பெட்டி மட்டும் வாரக்கணக்கில் பிசுபிசு. மூடியைத் திறந்தால் ரப்பர் உரிகிற சத்தம், விரலை வைத்து எடுத்தால் விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கும். டப்பா பழசு, கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தேக்குச் சட்டம் காய்ந்துவிட்டதே, அதற்கு என்ன பதில்?

ஆயில் பேஸ் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகும். ஈட்டியில் இயற்கையாக ஊறியிருக்கும் சில பொருட்கள் அந்த வினையையே தடுக்கின்றன. அதன் மேல் இன்னொரு கோட் போடுவது பிசுபிசுப்பின் மேல் பிசுபிசுப்பை ஏற்றுவதுதான். சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட், அதன் மேல் பாலியூரித்தேன். ஒழுங்காக இறுகியது.

மூன்றாம் கோட்

அரக்கு வரை ஒத்துக்கொள்கிறேன். அசிட்டோன் துடைப்பைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். துடைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் பூச வேண்டும் என்பதே முக்கியம். மேல்மட்ட எண்ணெய் போனதும் உள்ளே இருப்பது மெதுவாக மேலே வரும். காலையில் துடைத்து மாலையில் பூசினால் துடைத்ததற்குப் பலன் இல்லை. அசிட்டோன் ஆவியானதும் பூச்சு விழ வேண்டும்.

அரக்கிலும் ஒரு சங்கதி. கடையில் தயாராகக் கிடைக்கும் அரக்குப் பாலிஷில் பெரும்பாலும் மெழுகு இருக்கும். பாலியூரித்தேன் அந்த மெழுகின் மேல் பிடிக்காது. கோட் போட்ட அன்று அழகாகத்தான் இருக்கும், பிறகு ஒரு நாள் மேசை மூலையில் நகம் பட்டதும் தோலாக உரியும். அரக்குச் சில்லுகளை வாங்கிக் கரைப்பதென்றால் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு (ஆல்கஹால்) 240 கிராம் போட்டால் நடுத்தரக் கரைசல், 120 கிராம் என்றால் நீர்க்கக் கரைசல். சீலராக உபயோகிக்க நீர்த்ததே நல்லது, மெலிதாக ஊறும். மெழுகுள்ள சில்லாக இருந்தால் ஜாடியை ஆட்டாமல் சில நாள் வையுங்கள். கலங்கல் அடியில் தங்கும், மேலே நிற்கிற தெளிவை மட்டும் வேறு பாத்திரத்துக்கு இறுத்துக்கொள்ளுங்கள். கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனதை ஒரு கண்ணாடித் துண்டில் சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள்.

இன்னும் ஒன்று, தேய்ப்பு. சிலர் மரத்தை 400 நம்பர் உப்புத்தாள் வரை வழவழப்பாக்கிவிட்டுப் பூசுகிறார்கள். படலம் கட்டும் பூச்சுக்கு 120, 150, 180, கடைசியாக 220, அதோடு நிறுத்திவிடலாம். 120-இலிருந்து நேரே 220-க்குத் தாவினால் 120-இன் கீறல் அங்கேயே இருக்கும், பூச்சு விழுந்ததும் அது எழும்பிக் காட்டும். பலகையின் வெட்டு முனையை மட்டும் 320 வரை கொண்டுபோகலாம், இல்லாவிட்டால் அது பூச்சை உறிஞ்சி மற்ற இடத்தைவிடக் கருத்துப்போகும். வாட்டர் பேஸ் பூசுவதாக இருந்தால் முன்னதாகவே ஈரத் துணியால் துடைத்து நாரை எழுப்பி, காய்ந்ததும் 220-ஆல் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள். முதல் கோட்டுக்குப் பின் சொரசொரப்பு நன்றாகக் குறையும். ஆயில் பேஸின் முதல் கோட்டில் மட்டும் 10 முதல் 20 சதவீதம் டர்பன்டைன் சேர்க்கலாம், அடுத்தவற்றுக்கு வேண்டாம்.

டப்பாவை ஆட்டாதீர்கள். கட்டையால் அடியிலிருந்து கிளறுங்கள், முக்கியமாக மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாதது) என்றால் அதன் சிலிக்கா தூள் அடியில்தான் படுத்திருக்கும். தேவையானதைக் கிண்ணத்தில் வடிகட்டி ஊற்றிக்கொண்டு, பிரஷ்ஷின் மயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நனையாமல் தொட்டு, விளிம்பில் இழுத்துத் துடைக்காமல் உள்சுவரில் லேசாகத் தட்டிவிடுங்கள். இழுத்துத் துடைக்கிற இடத்தில்தான் குமிழி பிறக்கிறது. பரப்பியதும் பிரஷ்ஷைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, நுனி மட்டும் தொட, நார் ஓடும் திசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் ஒரு இழுப்பு. அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொட்டால் பிரஷ் கோடு நிரந்தரம்.

ஈட்டிப் பெட்டி

நேரத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். தேய்ப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் வெட்டு முனை விஷயம் பயனுள்ளது.

சுருக்கம்

பழைய அலமாரிக் கதவு. மேலே இருந்தது ஆயில் வார்னிஷ் என்று தெரியாமல் என்.சி. லாக்கர் அடிக்கப்பட்டது. சில நிமிஷத்தில் கதவு முழுக்கத் தோல் சுருங்கி வரி வரியாக எழுந்தது. லாக்கர் தின்னர் பழைய வார்னிஷ்ஷை வீங்க வைத்துவிட்டது.

கதவின் மறைவான மூலையில் முதலில் ஸ்பிரிட் ஒரு சொட்டு: பிசுக்கென்றால் அரக்கு. அடுத்து லாக்கர் தின்னர்: உருகி வழவழப்பாக ஓடினால் லாக்கர், வீங்கிச் சுருங்கினால் வார்னிஷ் வகை, ஒன்றுமே நடக்கவில்லையென்றால் இரண்டு டப்பா பி.யு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் கூட ஆகாது.

எண்ணெய்த் துணி

எல்லோரும் படலத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். துணியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கலந்த பூச்சைத் தரைப் பலகைக்குத் தேய்த்துவிட்டு, துடைத்த துணிகளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி அறை மூலையில் வைத்திருந்தார்கள். சில மணி நேரம் கழித்துப் பையை நகர்த்தப் போனவர் கையை உடனே எடுத்துவிட்டார். அவ்வளவு சூடு. பிரித்தபோது நடுவிலிருந்த துணி பழுப்பாகிப் புகை வாடை. பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லை. எண்ணெய் இறுகும்போதே வெப்பம் வெளியிடும். விரித்த துணியில் அது காற்றோடு போகிறது. சுருட்டிய துணியில் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய் தானாகப் பற்றும். ஆயில் பேஸ் வார்னிஷ் துணிக்கும் இதே எச்சரிக்கை. வெளியே ஒற்றை அடுக்காக விரித்து விறைப்பாகும் வரை காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் முக்கி வையுங்கள். வேலை முடிந்த களைப்பில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

நார்த்திசை

இதை முதலிலேயே யாராவது எழுதியிருக்க வேண்டும். தேய்ப்பு இயந்திரத்தின் தூசிப் பையிலும் பூச்சுத் தூளை நிரம்ப விட்டு வைக்காதீர்கள், அன்றன்றைக்குக் காலி செய்யுங்கள்.

வளைந்த பலகை

அகலமான ஒற்றைப் பலகை மேசை. மேல்முகத்துக்கு நான்கு கோட், அடிமுகம் பூச்சே இல்லாத வெறும் மரம். சீசன் மாறியதும் பலகை குறுக்கே வளைந்து, நேர்கோல் வைத்தால் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. பூசியவர் தரமான பூச்சு என்று சாதித்தார். தரமானதுதான், அதனால்தான் வளைந்தது. மேலே ஈரம் மெதுவாகப் போய்வர, அடியில் தாராளமாகப் போய்வந்தது. இரண்டு முகமும் வெவ்வேறு அளவில் விரிந்தால் பலகை வளையத்தான் செய்யும்.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்க நிறுத்தாது, வேகத்தைத்தான் குறைக்கும். ஆகவே இரண்டு முகத்திலும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். அடிமுகத்தை அழகாக்க வேண்டியதில்லை, ஆனால் அதே பூச்சு, அதே எண்ணிக்கை. கதவு என்றால் தலைப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் மாட்டுவதற்கு முன்பே பூசிவிட வேண்டும். கீலில் ஏற்றிய பிறகு அடிவிளிம்புக்குள் பிரஷ் நுழையாது. பூட்டுக்கும் கீலுக்கும் வெட்டிய குழிகளிலும் ஒரு கோட் ஊறட்டும்.