டர்போ காரில் பெற்றோல் மிச்சம் பிடிப்பது எப்படி?

ஹட்டன்காரன்:
அண்ணாமாரே, என்னுடைய பழைய ஜப்பான் காருக்குப் பெரிய டர்போ, அதன் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாம் போட்டு ஈசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன் செய்தாச்சு. கண்டிக்குப் போய்வந்தால் பெற்றோல் முள் கண்ணெதிரே இறங்குகிறது. 92 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறேன். இழுவை குறையாமல் மிச்சம் பிடிக்க வழி இருக்கா?

கம்பளை மெக்கானிக்:
தம்பி, முதலில் 95க்கு மாறுங்கள். டர்போ எஞ்சினில் ஒக்டேன் குறைந்தால் நொக் வரும் (பெற்றோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது), அதை உணர்ந்ததும் ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை குறையும், அப்புறம் அதே ஏற்றத்துக்கு நீங்கள் இன்னும் மிதிக்க வேண்டிவரும். 95க்கென்றே மறுபடி டியூன் செய்யுங்கள். பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) இல்லாமல் சீராக ஓடும்போது காற்று-எரிபொருள் விகிதம் 14.7ஐ ஒட்டி நிற்கிறதா என்று, அதை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் பாருங்கள். நிறையப் பேர் முழு பூஸ்டை மட்டும் சரிபார்த்துவிட்டு இந்த இடத்தை ரிச்சாகவே (பெற்றோல் கூடுதலாகவே) விட்டுவிடுகிறார்கள், பெற்றோல் வீணாவது அங்கேதான்.

நானுஓயா:
கினிகத்தேனை இறக்கத்தில் நியூட்ரலில் விடவே கூடாது, ஆபத்து. கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்ஜெக்டர் மூடிவிடும், சொட்டுப் பெற்றோல் போகாது, பிரேக்கும் சூடாகாது. ஏற்றத்தில் டாப் கியரில் திணறவிட்டு மிதிக்காமல் ஒரு கியர் குறைத்துப் பாதி மிதியில் ஏறுங்கள்.

ஹட்டன்காரன்:
சரி அண்ணா. பூஸ்ட் ஏறும்போது இன்டர்கூலர் பக்கம் உஸ் என்று சத்தம் வருகிறது, அதுவும் காரணமா?

கம்பளை மெக்கானிக்:
அதை முதலில் பாருங்கள் தம்பி! எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சர் கணக்கிட்ட காற்று வழியில் கசிந்தால், ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்தே பெற்றோல் ஊற்றும். குழாய்க்குக் காற்றழுத்தம் கொடுத்து, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள், குமிழ் வரும் இடத்தில் கிளிப்பை மாற்றுங்கள்.