ஸ்ப்ரேயர்: சின்னது போதுமா?

தம்பி: வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு ஸ்ப்ரேயர் வாங்கலாமென்று இருக்கிறேன். கையடக்கமாக ஒன்று இருக்கிறது. ஏர்லெஸ், அதாவது காற்றில்லாமல் பம்ப் அழுத்தத்தில் அடிக்கிற மெஷின் என்றால் விலை பல மடங்கு. சின்னதே போதாதா?

சின்ன மாமா: எதற்கு அடிக்கப் போகிறாய், அதை முதலில் சொல்.

தம்பி: நான்கு அறைச் சுவர், சீலிங், ஏழு கதவு.

சின்ன மாமா: சுவருக்குச் சின்னது வேண்டாமப்பா. நான் பட்டவன். கப்பில் ஒரு லிட்டர் பிடித்தாலே பெரிது. எமல்ஷனை, அதான் சுவர் பெயின்டை, அப்படியே ஊற்றினால் துப்பித் துப்பி அடிக்கும். தண்ணீரைக் கூட்டினால் பழைய நிறம் மூடாது, இன்னொரு கோட் வேண்டும். மறுபடி கப்பை நிரப்பு, மறுபடி ஏணியில் ஏறு. ஒரு அறை முடிவதற்குள் தோள்பட்டை போய்விட்டது.

அக்கா: ஆனால் கதவுக்கு அதுதான் அழகு. பழைய அலமாரிக்கு அடித்தேன், பிரஷ் தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. அந்தச் சின்னதில் காற்று அதிகம், அழுத்தம் குறைவு. நாசிலில் 10 பிஎஸ்ஐக்குள்தான் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு), அதனால் பெயின்ட் அதிகம் பறக்காது.

சின்ன மாமா: ஏர்லெஸ்ஸில் காற்றே கிடையாது. பம்ப் பெயின்டையே 2000, 3000 பிஎஸ்ஐயில் தள்ளும். உறிஞ்சு குழாயை வாளியில் இறக்கிவிட்டால் வேலை ஓடும்.

தம்பி: ஏர்லெஸ் துப்பாக்கியின் முனையில் மாட்டுகிற டிப்பில் 517 என்று போட்டிருக்கிறதே, என்ன கணக்கு?

சின்ன மாமா: முதல் எண்ணை இரட்டிப்பாக்கு. 12 அங்குலம் தள்ளிப் பிடித்தால் 10 அங்குல அகலத்துக்கு விழும். 17 என்பது துளை, அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. சுவருக்குச் சரியான அளவு. வாங்கும்முன் மெஷின் எந்த டிப் வரை தாங்கும் என்று பார். விலை குறைந்ததில் பலதும் அங்கேதான் மாட்டும். டிப் தேயத் தேயத் துளை பெரிதாகும், அப்புறம் பம்ப் திணறும்.

அத்தை: விரல் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? ஏர்லெஸ் டிப்புக்கு முன்னால் கையே போகக் கூடாது. தோலைத் துளைத்துப் பெயின்ட் உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், தாமதித்தால் விரலே போகலாம். அடைப்பு எடுக்கும்முன் மெஷினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, டிரிகரைப் பூட்டு.

தம்பி: அத்தை, பயமாக இருக்கிறது.

அத்தை: இருக்கட்டும், நல்லதுதான். முகமூடியும் போட்டுக்கொள்.

அக்கா: இன்னொன்று. அடிக்கிற நேரம் கொஞ்சம்தான். ஜன்னல், தரை, சுவிட்ச் எல்லாம் மூடி ஒட்டுவதற்கே பாதி நாள் போகும். முடிந்ததும் கழுவ வேண்டும். ஏர்லெஸ்ஸில் ஹோஸ், பம்ப், ஃபில்டர், துப்பாக்கி எல்லாவற்றையும் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவணும். ஒரு அறைக்கு மட்டும் என்றால் நான் ரோலரைத்தான் எடுப்பேன்.

தம்பி: அப்படியானால் ஏர்லெஸ்ஸே வாங்கிவிடவா?

சின்ன மாமா: ஒரு வீட்டுக்காக எதற்கு? இரண்டு நாள் வாடகைக்கு எடு. முதலில் அட்டையில் அடித்துப் பழகு. கை நகர ஆரம்பித்த பிறகு டிரிகரை அழுத்து, நிற்பதற்குள் விடு. இல்லாவிட்டால் வழியும். ஒவ்வொரு வரியும் முந்தினதில் பாதியை மூடணும்.

தம்பி: சரி மாமா. கதவுக்கு உங்கள் சின்னது இருக்கிறதல்லவா, தருவீர்களா?

சின்ன மாமா: இருக்கிறது. போன தடவை அடித்த பச்சையும் உள்ளேயே காய்ந்து இருக்கிறது.

அக்கா: 😂😂 கழுவவே இல்லையா மாமா!