புதுப்பிப்பு: இயற்பியல் செய்முறைக்கு வழி கிடைத்தது

பள்ளிக்குப் போகாமல் என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) மூலம் பிளஸ் டூ படிக்கிறேன், இயற்பியல் செய்முறைக்கு என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், செய்முறைக்கு 20. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். மீட்டர் பிரிட்ஜ் (மின்தடை அளப்பது), சோனாமீட்டர் (கம்பியின் அதிர்வை அளப்பது) சோதனைகள் எல்லாம் படிப்பு மையத்தின் ஆய்வகத்தில்தான்.

முப்பட்டகச் (பிரிசம்) சோதனையை மட்டும் சென்னை வியாசர்பாடியில் வீட்டு மேசையிலேயே செய்து பார்த்தேன். வரைபலகை, வெள்ளைத்தாள், குண்டூசிகள், பாரிமுனையில் வாங்கிய கண்ணாடி முப்பட்டகம், அவ்வளவுதான். படுகோணம் (ஒளி கண்ணாடியில் விழும் கோணம்) கூடக் கூட விலகுகோணம் (ஒளி தன் பாதையிலிருந்து திரும்பும் கோணம்) குறைந்து, 37 டிகிரி அருகே நின்று, மறுபடி ஏறியது. அந்த வளைவை வரைபடத் தாளில் பார்த்தபோது அப்படி ஒரு சந்தோஷம்! கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் 1.5ஐ ஒட்டி வந்தது.

செய்யப் போகிறவர்கள் குண்டூசிகளை நெருக்கிக் குத்தாதீர்கள், கோடு சாய்ந்துவிடும். அப்புறம், ரெக்கார்டு நோட்டை அன்றன்றே எழுதிவிடுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.