மறு: சம்ப்புக்குள் கிடந்த துண்டுகளுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அதற்குள் கிடக்கும் துண்டுகளுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்பதுதானே கேள்வி.

> ‘அயற்பொருள்’ போதும். மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

மருத்துவத்துக்குச் சரி. குழந்தை விழுங்கிய காசு வெளியிலிருந்து வந்ததுதான். எஞ்சினுக்குள் அந்தக் கணக்கு உதைக்கிறது. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது பழைய சின்னக் கார். காளவாசல் சிக்னலில் நின்றால் ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு மினுக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். ஆயில் அளவில் குறையில்லை. பழங்காநத்தத்தில் பழக்கமான பட்டறையில் விட்டேன். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிராங்க் தண்டின் முன்முனையில் இருக்கிறது. டைமிங் பெல்ட்டைக் கழற்றி, சம்ப்பையும் இறக்கினால்தான் அது கைக்கு வரும்.

சம்ப்பின் அடியில் தேங்கியிருந்த கருப்புக் குழம்பை மெக்கானிக் துணியில் வடித்தார். மூட்டுகளில் ஆயில் கசியாமலிருக்கப் பூசும் கேஸ்கட் பேஸ்ட் இறுகிப்போய், பிய்த்துப் போட்ட இடியாப்பம் மாதிரி நூல் நூலாக வந்தது. கூடவே 10 நம்பர் போல்ட் ஒன்று, பாதி ஸ்பிரிங் வாஷர் ஒன்று. மூன்றையும் பேப்பரில் பரப்பி, வாஷரை மட்டும் தனியே தள்ளினார்.

“அந்த ரெண்டும் விருந்தாளிண்ணே. இது வீட்டு ஆளு.”

உள்ளே இருக்கவேண்டிய போல்ட்டெல்லாம் எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்தன. ஆக, இது முன்பு எப்போதோ கைபார்த்தவர் தவறவிட்டது. பேஸ்ட்டும் அவர் தாராளமாகப் பூசியதுதான். இரண்டையும் கழுவி எறிந்தால் முடிந்தது. வாஷர் அப்படியில்லை. மீதிப் பாதி எங்கே என்று தேட அரைநாள் ஆயிற்று. பம்ப் சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சுவது நுனியில் சல்லடை வைத்த ஒரு குழாய் வழியாக. அந்தச் சல்லடைக் குழாயைப் பிடித்திருந்த போல்ட்டுக்கு அடியில் அது இருந்தது. போல்ட் வெறும் கையாலேயே சுழன்றது. குழாய் லூசானால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் நிற்காது.

பம்ப்பைப் பிரித்தால் உள்ரோட்டர் முகத்தில் கோடு கோடாகக் கீறல், நகத்தை இழுத்தால் தட்டியது. ஆயில் ஃபில்டர் இருக்கும்போது எப்படி என்று கேட்டேன். ஃபில்டர் பம்ப்புக்கு அடுத்துத்தான் வருகிறது. பம்ப்புக்கு முன்னால் காவல் அந்தச் சல்லடை ஒன்றே, அதுவும் ஓரத்தில் கிழிந்திருந்தது. பம்ப் புதிதாகப் போட்டாயிற்று.

வந்தது வெளியிலிருந்து என்றால் கழுவு, உள்ளிருந்து என்றால் தேடு. செய்யும் வேலையே வேறாக இருக்கும்போது ஒரே சொல்லில் இரண்டையும் அடைப்பது தப்பு.

‘உதிரி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் ஆள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரி என்றால் தொடுக்காத மல்லிகை. பட்டறையில் ஸ்பேர் பார்ட்ஸ்.

என் முன்மொழிவு: உதிர்சில்லு, புகுசில்லு. ஊறுகாய், சுடுசோறு போல இரண்டும் வினைத்தொகை. காலம் மறைந்து நிற்பதால் உதிர்ந்தது மட்டுமல்ல, இன்னும் உதிரப்போவதும் அடங்கிவிடும்.

> சில்லு என்பது கணினிக்குப் போய்விட்டதே?

தேங்காய்ச் சில்லும் ஓட்டாஞ்சில்லும் அதற்கு முன்பே இருந்தன. சம்ப்புக்குள் கணினியைத் தேட யாரும் போகப்போவதில்லை.

> அது இருக்கட்டும். முழு போல்ட் எப்படி ஐயா சில்லாகும்? உடைந்தால்தானே சில்லு?

மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொல்வதுதான் சரி. பேஸ்ட் நூலும் சில்லு இல்லை. வெளியிலிருந்து வந்ததற்குப் ‘புகுபொருள்’ என்று மாற்றிக்கொள்கிறேன். உடைந்து விழுந்ததற்கு உதிர்சில்லு அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், நம் பட்டியலில் ஆயில் ஃபில்டர், ஸ்ட்ரெய்னர் இரண்டுக்கும் ‘வடிகட்டி’ என்றே இருக்கிறது. ஸ்ட்ரெய்னருக்கு அந்த மெக்கானிக் வாயில் வந்த ‘சல்லடை’யையே போட்டுவிடலாமா?