செம்பனை ஆலைக் கேபிள் அளவு வேண்டும்

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் கேபிள் வேலை பார்க்கும் அண்ணன்மார், தம்பிமாரிடம் ஓர் உதவி. நெட்வொர்க் தரநிலை ஒன்றின் இலக்கு எப்படித் தொழில்நுட்ப வடிவமைப்பாகிறது என்று தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறோம். எடுத்துக்காட்டு, 2019-இல் வந்த ஐஇஇஇ 802.3சிஜி, அதாவது ஒரே ஜோடிக் கம்பியில் ஓடும் ஈதர்நெட் தரநிலை.

இலக்கு சின்னதுதான்: ஒரே ஜோடிக் கம்பி, விநாடிக்கு 10 மெகாபிட், 1,000 மீட்டர், நடுவில் 10 கனெக்டர் வரை. பலர் இங்கிருந்து நேரே மாடுலேஷனுக்கு, அதாவது தரவைச் சிக்னலாக மாற்றும் முறைக்குத் தாவிவிடுகிறார்கள். கம்பி எந்த அலைவரிசையில் எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு எதிரொலிக்கிறது என்று தெரியாமல் அதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பிறகு இடிக்கும். அந்த இழப்பு, எதிரொலி வரம்பை வைத்துத்தான் பிஏஎம்3 (மூன்று வோல்ட் நிலைகளில் அனுப்பும் முறை), விநாடிக்கு 75 லட்சம் சிம்பல் என்பதெல்லாம் பொருந்தும். சிக்னலின் வோல்ட்டும் அப்படியே: நீண்ட தூரத்துக்கு 2.4, தீப்பொறி ஆபத்துள்ள இடத்துக்கு 1.0.

பழைய ஆலைக் கேபிளின் அளவுதான் எங்களிடம் இல்லை. கம்பித் தடிமன், நீளம், ஜாயிண்ட் எண்ணிக்கை, 0.1 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை டெசிபல் இழப்பு, இவ்வளவும் வேண்டும். ஜாயிண்டில் ஜோடிக் கம்பியின் முறுக்கு எத்தனை சென்டிமீட்டர் பிரிந்திருக்கிறது என்பதையும் சேருங்கள். மோட்டார் இரைச்சல் அதிகம் ஏறுவது அங்கேதான். டெஸ்ட் லீடின் (அளவுக் கருவியை இணைக்கும் கம்பியின்) இழப்பைக் கழித்துவிட்டு அனுப்புங்கள். மல்டிமீட்டர் ஓம் கணக்கு மட்டும் இதற்கு உதவாது.