குவேசார் ஒளிவளைவில் 1,610 நாள் சுழற்சி: இரட்டைக் கருந்துளை என்று சொல்லலாமா? அவசரம்

விண்துகள்:
வணக்கம். ஒரு குவேசாரின் (கருந்துளை வாயுவை விழுங்குவதால் ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டல மையம்) ஒளிவளைவை, அதாவது ஒளி காலத்தோடு மாறும் வரைபடத்தை, சுழற்சி தேடும் லாம்ப்-ஸ்கார்கிள் முறையில் போட்டேன். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகளாக இருக்குமோ என்று பார்க்கிறேன். 1,610 நாளில் ஊசி மாதிரி ஓர் உச்சம் நிற்கிறது. வெறும் இரைச்சலால் இப்படி உச்சம் வரும் வாய்ப்பு (பொய் எச்சரிக்கை வாய்ப்பு) 10-இன் அடுக்கு மைனஸ் 20 என்று வருகிறது. சைன் வளைவும் கண்ணுக்கு அழகாகப் பொருந்துகிறது. என் வழிகாட்டி "இதை நம்பாதே" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு விடுப்பில் போய்விட்டார். நாளை மறுநாள் குழுவில் காட்ட வேண்டும். எங்கே தவறு? தெரிந்தவர்கள் உதவுங்கள்.

நிலாமுற்றம்:
எந்தத் தொலைநோக்கியின் தரவு? எத்தனை வருடம்? எந்த வடிகட்டி? சிவப்புப் பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி அலை நீளும் அளவு) எவ்வளவு? அது 1 என்றால் குவேசார் இருக்கும் இடத்தில் அந்தச் சுழற்சி 805 நாள்தான். இதெல்லாம் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

ஒளியாண்டு7:
எனக்கு இது டாப்ளர் விளைவு போலத் தெரிகிறது. சிறிய கருந்துளை தன் வாயுத் தட்டோடு வேகமாகச் சுற்றும்போது நம்மை நோக்கி வரும் பாதியில் ஒளி கூடும், விலகும் பாதியில் குறையும். பிஜி 1302-102 குவேசாருக்கு 2015-இல் டோராசியோ, ஹைமன், ஷிமினோவிச் மூவரும் இதைத்தான் சொன்னார்கள். புற ஊதாத் தரவு இருக்கிறதா? நிறமாலைச் சரிவை (அலைநீளத்தோடு ஒளி எப்படி மாறுகிறது என்பதை) வைத்து அங்கே வீச்சு (ஏற்ற இறக்க அளவு) எத்தனை மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். பிஜி 1302-க்கு இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அது பொருந்தினால் அதுவும் ஒரு சான்று.

பழையதுருவம்:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, தேடிப் பார்த்திருக்கலாம். அஸ்ட்ரோபை (வானியல் நிரல் தொகுப்பு) தரும் அந்தப் பொய் எச்சரிக்கை எண்ணுக்கான விளக்கப் பக்கத்தைப் படித்தீர்களா? ஒவ்வொரு புள்ளியின் இரைச்சலும் தனித்தனி என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. குவேசார் அப்படியில்லை. இன்றைய ஒளி நேற்றைய ஒளியை ஒட்டியே இருக்கும், மெல்ல அலைந்து மெல்லத் திரும்பும். சிவப்பு இரைச்சல் என்பது இதைத்தான். இரண்டு மூன்று சுற்று மட்டும் பார்த்தால் அது சைன் வளைவு போலவே தெரியும். 2016-இல் வான் (Vaughan) குழுவினர் இதைச் செய்தே காட்டினார்கள். அடிப்படையைக் கற்காமல் உச்சத்தைத் தேடிப் போகக் கூடாது.

நிலாமுற்றம்:
நீங்கள் சொல்வது சரி, ஆனால் அவர் கற்கத்தானே வந்திருக்கிறார். விண்துகள், விவரங்களைப் போடுங்கள்.

விண்துகள்:
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். 2005 முதல் 2013 வரை கேட்டலினா வான் ஆய்வு, 2018-க்குப் பிறகு இசட்டிஎஃப் வான் ஆய்வின் ஆர் (சிவப்பு) பட்டை. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தேன். சிவப்புப் பெயர்ச்சி 0.9.

கருவிழி:
சேர்க்கும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள மேக்னிட்யூட் (ஒளி அளவு) வித்தியாசத்தைச் சரி செய்தீர்களா? கேட்டலினா வடிகட்டி இல்லாமல் எடுத்தது, இசட்டிஎஃப் ஆர் வடிகட்டியில் எடுத்தது. அப்படியே ஒட்டினால் நடுவில் ஒரு படி விழும். அந்தப் படியையும் அலை என்று நினைத்து நிரல் உச்சம் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சராசரி விட்டுப் பொருத்துங்கள். அப்புறம் ஒரு கேள்வி: இந்த ஒரு குவேசாரை மட்டும்தான் பார்த்தீர்களா?

விண்துகள்:
இல்லை, 1,200 பார்த்தேன். இதுதான் உயரமான உச்சம். வித்தியாசத்தைச் சரி செய்யவில்லை.

கருவிழி:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1,200-இல் ஒன்றைப் பொறுக்கினால் அது மற்றவற்றைவிட அழகாகத்தான் இருக்கும். 2015-இல் கிரஹாம் குழுவினர் கேட்டலினாவில் சுமார் 2,43,500 குவேசார்களைத் தேடி 111-ஐப் பொறுக்கினார்கள். அதிலேயே எத்தனை உண்மை என்று இன்றும் பேச்சு ஓடுகிறது.

ஒளியாண்டு7:
பிஜி 1302 அந்தத் தேடலில் வந்ததுதானே? 1,884 நாள், வீச்சு 0.14 மேக்னிட்யூட். அது உண்மையானது என்றே நம்புகிறேன்.

பழையதுருவம்:
நம்பிக்கை வேறு, சான்று வேறு. 2018-இல் அசாஸ்-எஸ்என் வான் ஆய்வின் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சுழற்சிக்கான சான்று வலுவிழந்தது. உண்மையான சுழற்சி என்றால் தரவு கூடக் கூட வலுக்க வேண்டும்.

ஒளியாண்டு7:
அப்படியானால் ஓஜே 287? அதையும் இரட்டைக் கருந்துளை என்கிறார்களே. சுமார் 12 வருடத்துக்கு ஒரு முறை வெடிப்பு, 19-ஆம் நூற்றாண்டின் பழைய புகைப்படத் தட்டுகள் வரை பதிவு. 2019 ஜூலை 31 வெடிப்பை முன்கூட்டியே கணித்தார்கள், ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தது.

பழையதுருவம்:
2022 அக்டோபரில் எதிர்பார்த்தது தெரியவில்லையே. பெரிய கருந்துளை 1,800 கோடி சூரிய நிறை என்பது அந்தக் கணிப்பின் அடிப்படை. கோமோசா குழுவினர் 10 கோடி அளவுதான் என்கிறார்கள்.

ஒளியாண்டு7:
மாதிரியைத் திருத்தலாம். அதற்காக இரட்டையே இல்லை என்று ஆகிவிடாது. அந்த வெடிப்பு சூரியனுக்கு அருகில் மறைந்திருந்த மாதங்களில் நடந்திருக்கலாம் என்று கணித்தவர்களே விளக்கினார்கள்.

நிலாமுற்றம்:
ஓஜே 287-க்குத் தனி இழை தொடங்குங்கள், இவருக்கு நேரமில்லை. விண்துகள், இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, சிவப்பு இரைச்சலில் 1,000 போலி ஒளிவளைவுகள் உருவாக்கி, உங்கள் தரவின் அதே தேதிகளில், அதே பிழை அளவுடன் வெட்டி எடுங்கள். அவற்றில் எத்தனைக்கு இதைவிட உயரமான உச்சம் வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டாவது எனக்குப் பிடித்த சோதனை. கேட்டலினாவை மட்டும் வைத்து சைனைப் பொருத்தி 2018-க்கு மேல் நீட்டுங்கள். எப்போது பிரகாசமாக வேண்டும் என்று முதலில் காகிதத்தில் குறித்து வையுங்கள். இசட்டிஎஃப் புள்ளிகளை அதற்குப் பிறகுதான் மேலே வைக்க வேண்டும்.

கருவிழி:
கேட்டலினாவின் 8 வருடத்தில் இரண்டு சுற்றுகூட முழுதாக இல்லை என்பதையும் கவனியுங்கள். அலைவு காலத்தின் பிழை பெரிதாக இருக்கும், நீட்டும்போது அதையும் வரைந்து காட்டுங்கள்.

விண்துகள்:
செய்துவிட்டேன். சராசரியைத் தனித்தனியாக விட்டதும் உச்சம் 1,720-க்கு நகர்ந்து பாதியாகக் குறைந்தது. 1,000 போலி வளைவுகளில் 231-க்கு அதைவிட உயரம். நீட்டிய சைன் 2020-இல் பிரகாசம் என்றது, அந்த வருடம் முழுக்கக் குவேசார் மங்கிக்கொண்டே போகிறது. அலைவு காலத்தின் பிழையைச் சேர்த்தும் பொருந்தவில்லை. இதையே குழுவில் காட்டுகிறேன். நன்றி, எல்லோருக்கும்.

ஒளியாண்டு7:
புற ஊதாவில் பார்த்தீர்களா?

சிறுவிண்:
எனக்கும் இதே பிரச்சினை, 950 நாளில் உச்சம் வருகிறது. போலி வளைவு உருவாக்கும் நிரலை இங்கே போட முடியுமா?