புதுப்பிப்பு: அப்பாவின் ஈரல் கட்டி பற்றி

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஒரு சொட்டும் குடிக்காத அப்பாவுக்கு ஈரலில் எப்படிக் கட்டி வந்தது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தோம். புற்றுநோய்தான். ஒரே கட்டி, 4 சென்ரிமீற்றர், வெளியே பரவவில்லை. ஈரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெப்பற்றைற்றிஸ் பி, சி இரண்டும் இல்லை. பல வருடச் சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து ஈரலைத் தழும்பாக்கிவிட்டன, அந்தத் தழும்பில்தான் கட்டி முளைத்திருக்கிறது. இலங்கையில் வைரசை விட இந்த வழியில் வருவதுதான் அதிகமாம். குடிக்காதவருக்கு ஈரல் பழுதாகாது என்று நம்பியிருந்தது எங்கள் பிழை.

வலி என்று அப்பா சொன்னதே இல்லை. சாரத்தை வழக்கத்தை விட ஒரு சுற்று கூடுதலாகச் சுருட்டிச் செருகினார், அம்மா மட்டும் அதைக் கவனித்தா. பசியின்மையைக் கேஸ்ட்ரிக் என்று நினைத்து மூன்று மாதம் குளிசை போட்டோம்.

சரி, வைத்தியம். தழும்பான ஈரல் தாங்காது என்பதால் வெட்டி எடுக்கவில்லை. தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு இரத்தம் போகும் நாடியில் மருந்தைச் செலுத்தி அதை அடைத்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல், அப்புறம் கஞ்சி குடித்தார். அடுத்த ஸ்கானில்தான் பலன் தெரியும்.

சித்தப்பாவுக்கும் சீனி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவரையும் ஸ்கானுக்குக் கூட்டிப் போகிறேன்.